சுவரைப் பார்த்து நின்றவள்

தர்சா அவுத்வெயிட் உட்கார்ந்து பார்த்தவர்கள் யார்க்‌ஷயரில் அதிகம் பேர் இருக்க முடியாது. சுவேல்டேல் பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கக்காரன் ஒருவனுக்கு ஏழாவது பிள்ளையாகப் பிறந்தவள். தொட்டிலிலேயே காலை உதைத்துக்கொண்டிருப்பாளாம். பன்னிரண்டு வயதில் அவளை வேலைக்கு அனுப்பினார்கள். அன்று ஓட ஆரம்பித்த கால்கள் ஒன்பது வருஷத்தில் நாலு வீடு மாறி, 1884-ஆம் ஆண்டு ஸ்கெல்பி மாளிகையின் மாடிப்படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. வீட்டின் இரண்டாம் பணிப்பெண் அவள். விடிவதற்கு முன் எட்டு அறைகளின் கணப்புகளில் சாம்பல் அள்ளி, கரி போட்டு, தீ மூட்டி, வெந்நீர் வைத்துவிட்டு மறைந்துவிட வேண்டும்.

மறைவதுதான் முக்கியம். ஸ்கெல்பி மாளிகையில் கரி வரும், சாம்பல் போகும், படுக்கை விரிந்திருக்கும். யார் செய்தது என்று மட்டும் தெரியக்கூடாது. மதியம் பன்னிரண்டுக்கு மேல் இரண்டாம் பணிப்பெண்ணின் நிழல்கூட மாடி நடையில் விழக்கூடாது. தப்பித்தவறிக் குடும்பத்தார் யாராவது எதிரே வந்துவிட்டால், சட்டென்று திரும்பி, சுவரில் மூக்கு உரச நின்றுவிட வேண்டும். அவர்கள் கடந்துபோனபிறகு, சுவரோடு சுவராகக் காகிதம் ஒட்டிய சின்னக் கதவைத் திறந்துகொண்டு பின்படியில் இறங்கிவிட வேண்டும். வேலைக்காரியைப் பார்க்கிற சங்கடம் எஜமானர்களுக்கு வரக்கூடாதாம். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்த ஏற்பாடோ, அவன் வாழ்நாளில் ஒரு வாளி கரி தூக்கியிருக்க மாட்டான்.

வீட்டை நடத்தியது மிஸஸ் ஸ்டோபர்ட். எஜமானர் கார்ஃபோர்த்தின் விதவைத் தங்கை. எஜமானருக்கு மிடில்ஸ்பரோவில் இரும்பு உலை இருந்தது. வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே இருப்பார். அவர் மனைவி அந்த வருஷம் வசந்தத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பத்தொன்பது வயதில் மிஸ் லெட்டிஸ் என்று ஒரே மகள்.

எஜமானி இறந்தால் அவர் உடுப்புகளை வேலைக்காரிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பது எல்லா நல்ல வீடுகளிலும் உள்ள வழக்கம். பட்டெல்லாம் எஜமானிக்கு உடுத்திவிட்ட தோழிப்பெண் எடுத்துக்கொண்டாள். தர்சாவுக்கு ஒரு சாம்பல் நிறக் கம்பளி கவுன் வந்தது. அதைப் பிடித்துத் தைத்துப் பிற்பகல்களில் போட்டுக்கொண்டாள். மேலே ஏப்ரனும் தலையில் வெள்ளைத் தொப்பியும் இருந்தால் எந்த உடுப்பும் வேலைக்காரி உடுப்புதான். யாரும் கவனிக்கவில்லை.

எஜமானியின் அறையைப் பூட்டவில்லை, திரை போட்டு விட்டுவைத்திருந்தார்கள். அங்கே ஜன்னலோரம் ஒரு மெத்தை நாற்காலி. பக்கத்து அலமாரியில் பத்து வருஷத்துக் கிறிஸ்துமஸ் மலர்கள் அடுக்கியிருந்தன. அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் மலர் என்றால் பேய்க்கதைதான். ஏசு பிறந்ததைக் கொண்டாட ஏன் பேய் வேண்டும் என்று கேட்காதீர்கள், வெளியே பனி, உள்ளே கணப்பு, வேறு என்ன செய்வது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றிருந்த தர்சாவுக்கு அந்த மலர்கள் கண்ணில் பட்டதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமைகளில் மிஸஸ் ஸ்டோபர்ட்டின் தேநீர் விருந்து. நாலு மணிக்கு வீடு முழுக்கக் கீழே இருக்கும். அந்தக் கால் மணி நேரம் தர்சாவின் சொர்க்கம். பின்படி ஏறி, எஜமானியின் அறைக்குள் நுழைவாள். கணப்புக் கரி நாற்காலியில் ஒட்டிவிடக் கூடாதே என்று ஏப்ரனைக் கழற்றி மடித்து வைப்பாள். சாய்ந்தால் ஊசி குத்துகிறது என்று தொப்பியையும் கழற்றுவாள். ஒரு கதையில் பாதி படிப்பாள். பிறகு சமையற்கட்டுக்கு ஓடிவந்து, கடைக்காரப் பையன் கொடுத்த பத்திரிகையில் வந்ததாகச் சொல்லி, சமையற்காரி மிஸஸ் ட்வெடிலிடம் ஒப்பிப்பாள்.

மிஸஸ் ட்வெடில் கல்யாணமே ஆகாதவள். ஆனாலும் சமையற்காரியை மிஸஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். கத்தியும் நாக்கும் ஒரே கூர்மை. மாவு பிசைந்துகொண்டே கேட்பாள்.

"அப்புறம் என்னடி ஆச்சு? அந்த வக்கீல் பேயைப் பார்த்தானா இல்லியா?"

"பார்த்தேன்னுதான் சொல்றான் மிஸஸ் ட்வெடில். ஜன்னல்ல ஒரு கை தெரிஞ்சுதாம்."

"அன்னைக்கி ராத்திரி என்ன குடிச்சானாம்?"

"ஒரே ஒரு கிளாஸ் போர்ட் ஒயின்."

"ஒரே ஒரு கிளாஸா! ஒரு கிளாஸ்தான் குடிச்சேன்னு கணக்குச் சொல்ற ஆம்பளைய நான் இருபது வருஷமா பார்த்துட்டுதான் இருக்கேன். வேற என்ன சொல்றான்?"

"எனக்குப் பைத்தியம் இல்லைன்னு சொல்றான். நாலு தடவை சொல்லிட்டான்."

"பாத்தியா? பைத்தியம் இல்லாதவன் எதுக்குடி அதைச் சொல்றான்? நான் பைத்தியம் இல்லை, ரொட்டி வெந்துடுச்சுன்னு என்னிக்காவது சொல்லியிருக்கேனா? இந்தக் கதையெல்லாம் பேயைப் பத்தி இல்ல. கதை சொல்றவன் எதையோ மறைக்கிறான், அதைப் பேய் தலையில போடறான்."

"ஆனா கை நிஜமாவே இருந்திருந்தா?"

"இருந்திருந்தா இருந்துட்டுப் போகட்டும். நீ போய் உருளைக்கிழங்கு உரி."

அக்டோபர் ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை, மிஸ் லெட்டிஸ் தலைவலி என்று விருந்திலிருந்து சீக்கிரமே மேலே வந்துவிட்டாள். தர்சா அறையைவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தவும் படியில் காலடி கேட்கவும் சரியாக இருந்தது. சின்னக் கதவுக்கு இன்னும் ஆறு அடி இருந்தது. ஏப்ரனும் தொப்பியும் கையில் சுருட்டியபடி. ஒன்பது வருஷப் பழக்கம், உடம்பு தானாகத் திரும்பியது. சுவரைப் பார்த்து நின்றாள். காலடி நின்றது. மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் ஒன்று கேட்டது. பிறகு படபடவென்று ஓடி, தடாலென்று ஒரு கதவைச் சாத்துவது கேட்டது. அப்பாடா என்று தர்சா பின்படியில் இறங்கிவிட்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். கதை பாதியில் நிற்கிறதே. இரண்டு வாரம் கழித்து மறுபடி போனாள், மறுபடி அதே மாதிரி ஆயிற்று. இந்த முறை மிஸ் லெட்டிஸ் ஓடவில்லை. தர்சாவின் முதுகுக்குப் பின்னால் அசையாமல் நின்றாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா?" என்றாள்.

தாயில்லாத பெண், பாவம், தனியாகப் பேசிக்கொள்கிறாள் என்றுதான் தர்சா நினைத்தாள். கையைச் சுவரில் தடவித் தடவிக் கதவைக் கண்டுபிடித்து உள்ளே நழுவினாள். கீழே வந்து ஏப்ரனைக் கட்டக் குனிந்தபோதுதான் தன் கவுன் கண்ணில் பட்டது. அந்த வீட்டில் ஏப்ரனும் தொப்பியும் இல்லாதவள் வேலைக்காரியாக இருக்க முடியாது. சாம்பல் நிறக் கவுனில், எஜமானியின் அறை வாசலில் நின்றவள் வேறு யாராக இருக்க முடியும்?

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்களும் நானும் சொல்லலாம். நம் கையில் யார்க் நகரத்துக் கடிதம் இல்லை. தர்சாவின் பெட்டியில் இருந்தது. யார்க்கில் ஒரு பெரிய வீட்டில் தலைமைப் பணிப்பெண் வேலை, தனக்கென்று ஒரு அறை, கரி தூக்க வேறு ஆள். ஸ்கெல்பியிலிருந்து நன்னடத்தைக் கடிதம் ஒன்று போனால் புதுவருஷத்தில் சேர்ந்துவிடலாம். அந்தக் கடிதத்தை எழுத வேண்டியவர் மிஸஸ் ஸ்டோபர்ட். கடிதம் இல்லாமல் வெளியேறிய பணிப்பெண்ணை இங்கிலாந்தில் ஒரு வீடும் வாசற்படி ஏற்றாது. தர்சா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அறைப் பக்கம் போவதையும் அடியோடு நிறுத்தினாள். தான் போகாமல் இருந்தால் எல்லாம் தானாகவே சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

நவம்பர் கடைசியில் மார்ட்டின்மஸ் வாரம். வருஷ ஒப்பந்தத்தில் இருக்கிற வேலைக்காரர்களுக்கு வடக்கே அதுதான் விடுமுறை. மிஸஸ் ட்வெடிலிடம் சொல்லிக்கொண்டு இருபத்திரண்டாம் தேதி சுவேல்டேலுக்குப் போனாள். ஒரு வாரம் அப்பாவின் இருமலைக் கேட்டுவிட்டு இருபத்தொன்பதாம் தேதி திரும்பினால், சமையற்கட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ் லெட்டிஸ் மறுபடி பார்த்துட்டாங்கடி" என்றாள் மிஸஸ் ட்வெடில். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம். முன்னே ரெண்டு தடவை பார்த்த அதே நடையில. அதே சாம்பல் கவுனு."

"செவ்வாய்க்கிழமையா? இந்த வாரமா?"

"இருபத்தஞ்சாம் தேதி. இந்தத் தடவை அது திரும்பிச்சாம். எஜமானி முகமாம். சிரிச்சாங்களாம்."

தர்சா கையிலிருந்த மூட்டையைக் கீழே வைக்கவில்லை. சாம்பல் நிறக் கவுன் அந்த மூட்டைக்குள்தான் இருந்தது. அது ஒரு வாரமாக முப்பது மைல் தள்ளி ஒரு சுரங்கக்காரன் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் லண்டனிலிருந்து மிஸ்டர் ட்ரெஸ்ஸிடர் வந்து இறங்கினார். பேய் பிசாசுகளை விஞ்ஞான முறைப்படி விசாரிக்கிற சங்கம் ஒன்றின் உறுப்பினர். எஜமானருக்கு யாரோ சிபாரிசு செய்திருந்தார்கள். கூடவே குடும்ப வைத்தியர் டாக்டர் கீலிங். ஒருவருக்குப் பேய் இருக்க வேண்டும், இன்னொருவருக்குப் பைத்தியம் இருக்க வேண்டும். நடுவில் அந்தப் பெண்.

ட்ரெஸ்ஸிடரிடம் அச்சடித்த கேள்வித்தாள் ஒன்று இருந்தது. கனவான்களின் சாட்சி முதல் தரம், சீமாட்டிகளின் சாட்சி இரண்டாம் தரம், வேலைக்காரர்கள் கடைசிப் பக்கம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். தர்சாவின் முறை வந்தபோது நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"பேர்?"

"தர்சா அவுத்வெயிட், சார்."

"பேய்க்கதை படிக்கிற வழக்கம் உண்டா?"

"இல்ல சார்."

"மதியத்துக்கு மேல மாடி நடைக்குப் போயிருக்கியா?"

"இல்ல சார்."

"நல்லது. போகலாம்."

இரண்டு கேள்வி, இரண்டு பொய். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தாளில் பேனா கீறியதைக் கேட்டபடி வெளியே வந்தாள். அன்றிலிருந்து துடைத்த விளக்கையே திரும்பத் துடைத்தாள். வாளியை எடுப்பாள், வைப்பாள், மறுபடி எடுப்பாள்.

வியாழக்கிழமை சாம்பல் வாளியோடு பின்படியில் நின்றபோது, காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் அத்தையும் மிஸ் லெட்டிஸும் பேசுவது கேட்டது.

"நான் எங்கியும் வரலை, அத்தை."

"அது ஓய்வு இல்லம், லெட்டிஸ். கடல் காத்து. திங்கட்கிழமை காலையில டாக்டரே கூட்டிட்டுப் போறார். கொஞ்ச நாள்தான்."

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. முதல்லதான் பயந்தேன். அம்மா என்னைப் பார்க்காம முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. ரெண்டு தடவையும். கடைசி நாள் அவங்ககிட்ட நான் கத்தினேன் அத்தை. கதவைச் சாத்திட்டுப் போயிட்டேன். அந்தக் கோவம் இன்னும் தீரலைன்னு நினைச்சு நினைச்சு செத்தேன். ஆனா செவ்வாய்க்கிழமை திரும்பிப் பார்த்தாங்க. சிரிச்சாங்க. அதுக்கப்புறம்தான் நான் தூங்கவே செய்யறேன்."

"இதைத்தான் டாக்டரும் சொல்றார். இப்படிப் பேசறது நல்லதில்லை."

தர்சா வாளியோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பெண் தன் தாய்க்குத் தன்மேல் வெறுப்பு என்று ஒன்றரை மாதம் செத்திருக்கிறாள். காரணம் தாய் அல்ல, இந்த வீட்டு வேலைக்காரிச் சட்டம். தர்சாவுக்குத் தன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமல்ல.

சமையற்கட்டில் எல்லாவற்றையும் கொட்டினாள். மிஸஸ் ட்வெடில் பிசைந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி. கடைக்காரப் பையன் குடுத்த பத்திரிகையா அது?"

"மன்னிச்சுக்குங்க. நான் போய்ச் சொல்லிடறேன்."

"சொல்லு. யார்க் வேலை போச்சு. சொல்லாதே, அந்தப் பொண்ணு போச்சு. அந்த இல்லம் எனக்குத் தெரியும்டி. முன்னே நான் வேலை பார்த்த வீட்டுல எஜமானரோட தங்கையைக் கொஞ்ச நாள்னுதான் அனுப்பினாங்க. பதினாலு வருஷம் ஆச்சு."

"அதான் சொல்லிடறேன்னு சொல்றேனே!"

"எதைச் சொல்லுவே? ரெண்டு தடவை நான்தான்னு சொல்லுவே. மூணாவது?"

தர்சா விரல்விட்டுத் தேதிகளை எண்ணினாள்.

"மூணாவது நாள் நீ ஊர்ல இருந்தே. ரெண்டு நிஜம்னு ஆனா, மூணாவது பைத்தியம்னு ஆகும். அதுலதான் முகமும் சிரிப்பும் இருக்கு. டாக்டர் அதைத்தான் கப்புனு பிடிச்சுக்குவார். பாதி உண்மைய சொல்லி அவளை நீயே வண்டியில ஏத்தி விடுவே."

"அப்ப மூணும் நான்தான்னு சொல்றேன்."

"ஊருக்குப் போனது எனக்குத் தெரியும்."

"கீழே இருக்கற நமக்குத்தான் தெரியும். மிஸஸ் ஸ்டோபர்ட்டுக்கு நான் இருக்கறதே தெரியாது, இல்லாதது எங்க தெரியப்போவுது?"

மிஸஸ் ட்வெடில் மாவைப் புரட்டிப் போட்டாள். "நீ ஊருக்குப் போனதைப் பத்தி என்னை யாரும் கேட்கலை" என்றாள் கடைசியில். "கேட்டா எனக்கு ஞாபக மறதி ஜாஸ்தி."

ஆனால் அங்கேதான் இன்னொரு முள் இருந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அது தர்சாவைக் குத்திக்கொண்டே இருந்தது. மூன்றும் தானே என்று சொன்னால் அந்தச் சிரிப்பும் தன்னுடையதாகிவிடும். அந்தப் பெண்ணைத் தூங்க வைத்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். தாயின் மன்னிப்பை வேலைக்காரியின் அசட்டுச் சிரிப்பாக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கடலோர இல்லம். நடந்துகொண்டே யோசித்தாள், நடந்துகொண்டே அழுதாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தான் செய்யப்போவது திருட்டு மாதிரிதான் தோன்றியது.

திங்கட்கிழமை காலை பத்து மணி. வாசலில் வண்டி நின்றது. குடும்பத்தார் காலையில் உட்காரும் அறையில் மிஸஸ் ஸ்டோபர்ட், டாக்டர், ட்ரெஸ்ஸிடர். பயண உடுப்பில் மிஸ் லெட்டிஸ், உதட்டில் ரத்தமே இல்லை. தர்சா சாம்பல் நிறக் கவுனோடு, ஏப்ரன் இல்லாமல், தொப்பி இல்லாமல், யாரும் கூப்பிடாமல் முன்கதவு வழியாக அந்த அறைக்குள் நுழைந்தாள். நேரே போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

பின்னால் மிஸ் லெட்டிஸ் நாற்காலியைப் பற்றுகிற சத்தம் கேட்டது.

"யார் இவ?" என்றார் மிஸஸ் ஸ்டோபர்ட்.

"இரண்டாம் பணிப்பெண், மேடம். தர்சா. மிஸ் பார்த்தது என்னைத்தான். எஜமானி அறையில போய் உக்காந்து படிச்சேன். வெளிய வரும்போது மிஸ் வந்துட்டாங்க. சட்டப்படி சுவரைப் பார்த்து நின்னேன். மிஸ், அம்மா உங்களைப் பார்க்கப் பிடிக்காம திரும்பிக்கலை. அது நான். எங்களை அப்படித்தான் நிக்கச் சொல்லியிருக்காங்க."

ட்ரெஸ்ஸிடர் தன் தாள்களைப் புரட்டினார். நல்ல பேய் ஒன்று கையைவிட்டுப் போகிறது, அவருக்கு அதில் சந்தோஷமில்லை.

"நீ என்கிட்ட மாடிக்குப் போகலைன்னு சொல்லியிருக்கே. கதை படிக்கறதில்லைன்னும் சொல்லியிருக்கே."

"பொய் சொன்னேன் சார்."

"அன்னைக்குச் சொன்னது பொய். இன்னைக்குச் சொல்றது மட்டும் உண்மைன்னு எப்படி நம்பறது?"

"அன்னைக்குச் சொன்ன பொய்யால என் வேலை தப்பிச்சுது சார். இன்னைக்குச் சொல்றதால போகப்போவுது. வேலை போறதுக்கு யாராவது பொய் சொல்லுவாங்களா?"

டாக்டர் கீலிங் கனைத்துக்கொண்டார். "முதல் ரெண்டு தடவை வியாழக்கிழமை. இவ சொல்றது பொருந்துது. இருபத்தஞ்சாம் தேதி செவ்வாய்க்கிழமை. அன்னைக்கும் நீதானா?"

"நான்தான் சார்."

"அந்த உருவம் திரும்பிச் சிரிச்சதா மிஸ் கார்ஃபோர்த் சொல்றாங்க. வேலைக்காரி எதுக்குச் சிரிக்கணும்?"

"பயந்தா எனக்குச் சிரிப்பு வரும் சார். சின்னதுலேருந்து. பள்ளிக்கூடத்துல இதுக்காகவே அடி வாங்கியிருக்கேன்."

"நிஜமாவே நீதான் திரும்பினியா?"

"ஆமா சார்" என்றாள் தர்சா. அந்தப் பெண்ணின் பக்கம் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

டாக்டர் மிஸ் லெட்டிஸிடம் திரும்பினார். "நல்லாப் பாருங்க மிஸ் கார்ஃபோர்த். அன்னைக்கு நீங்க பார்த்த முகம் இதுதானா?"

மிஸ் லெட்டிஸ் எழுந்து வந்தாள். ஒன்றரை வருஷமாகத் தினமும் தன் அறையில் தீ மூட்டியவளின் முகத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். அகலமான கன்னம், உடைந்த முன்பல் ஒன்று, புருவத்தில் கரி. இல்லை என்று ஒரு வார்த்தை போதும், வண்டி கிளம்பிவிடும். மிஸ் லெட்டிஸின் கண்கள் முகத்திலிருந்து கவுனுக்குப் போய், மறுபடி முகத்துக்கு வந்தன.

"ஆமா" என்றாள். "இந்த முகம்தான்."

டாக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். வண்டியிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னார்கள்.

மிஸஸ் ஸ்டோபர்ட் அன்று மதியத்துக்குள் தர்சா வெளியேற வேண்டும் என்றார், கடிதம் கிடையாது என்றார். சொன்னபடி செய்தார். யார்க் வேலை வேறொருத்திக்குப் போயிற்று. தர்சா அதன்பிறகு எந்த வீட்டிலும் வேலை பார்க்கவில்லை. மிடில்ஸ்பரோவில் ஒரு சலவைக் கூடத்தில் சேர்ந்தாள், இருபத்தாறு வருஷம் வெந்நீர்த் தொட்டியின் முன் நின்றாள். கப்பல் பட்டறைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பெண்கள். இருவரையும் வீட்டு வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்று, அனுப்பவும் இல்லை. ட்ரெஸ்ஸிடரின் சங்கம் வெளியிட்ட அறிக்கையில் ஸ்கெல்பி மாளிகைக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். பொய் சொல்லும் பழக்கமுள்ள பணிப்பெண் ஒருத்தியின் ஒப்புதலால் விஷயம் தெளிவாகிவிட்டதாக அதில் எழுதியிருந்தது.

அன்று பதினொன்றரை மணிக்கு வேலைக்காரிகள் படுக்கும் கூரையடி அறையில் நடந்தது அந்த அறிக்கையில் இல்லை.

தர்சா தகரப் பெட்டியில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். படியில் யாரோ தடுமாறி ஏறுகிற சத்தம் கேட்டது. மிஸ் லெட்டிஸ் அந்தப் படியில் அதுவரை ஏறியதே இல்லை. கூரைச் சரிவில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மார்ட்டின்மஸ் வாரம் நீ இங்க இல்ல" என்றாள்.

தர்சா பெட்டி மூடியைச் சாத்தினாள்.

"அந்த வாரம் என் ரூம்ல தீ மூட்டினது வேற யாரோ. தினமும் புகைஞ்சுது. நீ வர்ற சனிக்கிழமை வரைக்கும் புகைஞ்சுது. நான் கேட்டேன், வழக்கமா மூட்டறவ ஊருக்குப் போயிருக்கான்னு சொன்னாங்க."

"அப்ப கீழே ஏன் மிஸ், இந்த முகம்தான்னு சொன்னீங்க?"

"நீ ஏன் சொன்னியோ அதுக்குத்தான்." கட்டிலின் நுனியில் உட்கார்ந்தாள். சட்டென்று சிரிப்பு வந்தது அவளுக்கு, கண்ணில் நீரும் கூடவே வந்தது. "உன் மூஞ்சி எங்க அம்மா மூஞ்சி மாதிரி துளிகூட இல்ல, தெரியுமா?"

"தெரியும் மிஸ். எஜமானி அழகு."

"செவ்வாய்க்கிழமை அங்க நின்னது நீ இல்லன்னா, யாரு?"

தர்சாவுக்குத் தெரியாது. டாக்டர் சொன்னதுபோல் துக்கத்தில் கண் செய்த வேலையாக இருக்கலாம். மங்கிய வெளிச்சத்தில் திரை அசைந்திருக்கலாம். எஜமானியாகவும் இருக்கலாம். கிறிஸ்துமஸ் மலர்களில் அவள் படித்த எந்தக் கதையும் கடைசியில் அதைச் சொன்னதில்லை. அவள் அறிந்ததெல்லாம், எதிரே ஒருத்தி கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு பதிலுக்காகக் காத்திருக்கிறாள் என்பதுதான்.

"உங்க அம்மாதான் மிஸ்" என்றாள் தர்சா.

"நிஜமாவா?"

"நிஜமா."

மிஸ் லெட்டிஸ் வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தகரப் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். வேண்டாம் மிஸ், வேண்டாம் மிஸ் என்று தர்சா பதறினாள். அவள் கேட்கவில்லை. இருவருமாக அதைத் தூக்கிக்கொண்டு, முன்படி வழியாகவே இறங்கினார்கள்.